உரிமையாளர் பெயர்

அல்பாக்கா வளர்க்கிறேன் என்று ஊரில் யாரிடம் சொன்னாலும் முதலில் அந்தப் பெயரையே இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“ஒட்டகம் கணக்கா கழுத்து இருக்கு. முழி மட்டும் ஆட்டு முழியா இருக்கு. கறிக்கு வளக்கியா, பாலுக்கு வளக்கியா?”

“ரெண்டுக்கும் இல்லம்மா. முடிக்கு.”

“முடிக்கா! கனடா வரைக்கும் போயி முடி வெட்டிக்கிட்டா இருக்க?”

அம்மா சொன்னதில் ஒட்டகம் சரி. அந்தக் குடும்பம்தான். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் 6000 ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்களோடு வாழ்கிற விலங்குகள். குவானாக்கோ என்ற காட்டு விலங்கிலிருந்து லாமாவும், விக்குன்யாவிலிருந்து அல்பாக்காவும் வந்தன. லாமா பெரியது, 130 கிலோவிலிருந்து 200 கிலோ வரை இருக்கும், சுமை தூக்கும், நரி, ஓநாய் வகைகள் பட்டிக்குள் வந்தால் எதிர்த்து நிற்கும். அல்பாக்கா சிறியது, சாது, உடம்பெல்லாம் ரோமம். எங்களிடம் ஒன்பது அல்பாக்காக்களும் காவலுக்கு இரண்டு லாமாக்களும் இருக்கின்றன. கிழக்கு ஒன்டாரியோவில், பக்கத்து வீட்டு விளக்கு இரவில் ஒரு புள்ளியாக மட்டும் தெரிகிற தூரத்தில் இருக்கிறோம்.

நான் எழுத வந்தது இவற்றை வளர்ப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பரில், இரண்டு நாள் ஒன்றுகூடுவதைப் பற்றி. அந்தக் கூடுகையை நடத்தும் குழுவில் நான் இருக்கிறேன். ‘எல்லோரையும் உள்ளடக்கிய’ கூடுகை என்று இப்போது அழைப்பிதழில் போடுகிறோம். அந்த ஒரு சொல்லை அச்சடிக்க எங்களுக்கு ஆறு வருடம் ஆனது.

இது ஏதோ பொழுதுபோக்குக்காரர்கள் கூடிக் கும்மாளம் போடும் நிகழ்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். கும்மாளமும் உண்டுதான். ஆனால் மாடு, குதிரை பார்க்கிற கால்நடை மருத்துவர் ஊருக்கு ஊர் இருக்கிறார். அல்பாக்கா தெரிந்தவர் எண்பது கிலோமீட்டர் தள்ளி ஒருவர் இருந்தால் பெரிய விஷயம். அல்பாக்கா இளைப்பது கண்ணுக்குத் தெரியாது, ரோமம் மறைத்துவிடும். முதுகெலும்பின் மேல் கை வைத்து அழுத்தித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் பகுதியில் வெள்ளைவால் மான்கள் அதிகம். அவற்றின் எச்சத்திலிருந்து நத்தை வழியாக ஒரு புழு வரும். மானை ஒன்றும் செய்யாது. அல்பாக்காவின் உடம்புக்குள் போனால் தண்டுவடத்தைத் தின்னும், பின்னங்கால் இழுக்க ஆரம்பித்துவிடும். அதற்கு மாதாமாதம் ஊசி போட வேண்டும். எப்படிப் போடுவது, எங்கே போடுவது, நகம் எப்படி வெட்டுவது, குட்டி கால் மடங்கி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது, எல்லாமே ஒருவர் கையைப் பார்த்து இன்னொருவர் கற்பதுதான். கற்கும் இடம் இந்தக் கூடுகை. வராதவருடைய விலங்குதான் அந்த ஆண்டு சாகிறது.

அப்படியானால் யார் வரலாம், வந்தவர் எந்த அறையில் உட்காரலாம் என்பது சின்ன விஷயம் இல்லை, இல்லையா?

நான் முதலில் போன ஆண்டில் பதிவுப் படிவம் ஒரே பக்கம். மேலே ‘உரிமையாளர் பெயர்’ என்று ஒரு கோடு. அதற்குக் கீழே, சற்று உள்ளே தள்ளி, ‘துணைவர்’ என்று இன்னொரு கோடு. உரிமையாளருக்கு 90 டாலர், துணைவருக்கு 40. உரிமையாளருக்குப் பொதுக்குழுவில் வாக்கு உண்டு, துணைவருக்குக் கிடையாது. ஐம்பது டாலர் மிச்சம் என்பதால் யாரும் கேள்வி கேட்டதில்லை. உரிமையாளர் கோட்டில் ஏறக்குறைய எல்லாமே ஆண் பெயர்கள். விலங்குகளின் பதிவுச் சான்றிதழில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர் என்பது விதி. எங்கள் வீட்டுச் சான்றிதழ்களிலும் கணவர் பெயர்தான் இருந்தது. பெரிய சதியெல்லாம் இல்லை. வாங்கிய அன்று கொடுத்தது அவருடைய கடன் அட்டை, அவ்வளவுதான். பெரும்பாலான சொத்துகள் இப்படித்தான் சத்தமில்லாமல் ஒரு பக்கம் போய்ச் சேருகின்றன.

சனிக்கிழமை பிற்பகல் பெரிய கூடத்தில் மருத்துவரின் வகுப்பு. தலைப்பு, சிக்கலான பிரசவங்கள். அதே நேரத்தில் ‘துணைவர்களுக்கான நிகழ்ச்சி’ என்று ஒரு பேருந்து ஆப்பிள் தோட்டத்துக்குக் கிளம்பியது. நானும் ஏறி உட்கார்ந்தேன். என் வரிசையில் இருந்த நான்கு பெண்களும் வழியெல்லாம் பேசியது பிரசவத்தைப் பற்றித்தான்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அல்பாக்கா பதினொன்றரை மாதம் சுமக்கும். ஈனுவது பெரும்பாலும் பகலில்தான், காலைக்கும் பிற்பகலுக்கும் நடுவே. ஆண்டிஸ் மலையின் இரவுக் குளிரில் ஈரத்தோடு பிறக்கும் குட்டி பிழைக்காது. அதனால் அப்படிப் பழகிய உடம்பு அது. இங்கே பகலில் பண்ணையில் இருப்பது யார்? எங்கள் வட்டாரத்தில் அல்பாக்காவை மட்டும் நம்பிப் பிழைக்கும் குடும்பம் எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. ஒருவர் வெளியே சம்பளத்துக்குப் போகிறார், அது பெரும்பாலும் கணவர். பதினொரு மணிக்குத் தலை மட்டும் வெளியே வந்து குட்டி நிற்கும்போது கையில் சோப்பைத் தேய்த்துக்கொண்டு ஓடுவது அந்தப் பேருந்தில் இருந்தவர்கள். அவர்களை ஆப்பிள் பறிக்க அனுப்பிவிட்டு, ஆறு மணிக்கு வீடு திரும்பி ‘ஆணா பெண்ணா?’ என்று கேட்பவர்களுக்கு வகுப்பு நடந்தது.

கனடாவுக்கு இது புதிதல்ல. ஆல்பர்ட்டாவில் இரீன் மர்டாக் என்ற பெண் இருபது ஆண்டுகளுக்கு மேல் கணவரோடு சேர்ந்து மாட்டுப் பண்ணையில் உழைத்தவர். புல் அறுத்தார், ட்ராக்டர் ஓட்டினார், மாட்டுக்குச் சூடு போட்டார், தடுப்பூசி போட்டார். கணவர் ஆண்டில் ஐந்து மாதம் வேறு வேலைக்குப் போய்விடுவார். அப்போது பண்ணை முழுக்க இவர் கையில். மணமுறிவின்போது பண்ணையில் பங்கு கேட்டார். 1973-ல் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. பண்ணைக்காரர் மனைவி எவரும் செய்கிற வேலையைத்தானே செய்தார் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஐந்து நீதிபதிகளில் போரா லாஸ்கின் என்ற ஒருவர் மட்டும் மாறுபட்டார். நாடெங்கும் பெண்கள் கொதித்துப்போன பிறகு மாகாணங்கள் சட்டத்தை மாற்றின, ஒன்டாரியோவில் 1978-ல். கணக்கெடுப்புக் கதை இதைவிட வேடிக்கை. விவசாயக் கணக்கெடுப்பில் ஒரு பண்ணைக்கு ஒரு நடத்துநர் பெயர்தான் எழுத முடியும் என்று நெடுங்காலம் இருந்தது. ஒன்றுக்கு மேல் எழுதலாம் என்று 1991-ல்தான் இடம் விட்டார்கள். இடம் விட்ட அந்த ஆண்டிலேயே நடத்துநர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் பெண் என்று வந்தது. அந்தப் பெண்கள் முந்தின நாள் ராத்திரி முளைத்தவர்களா என்ன? 2021 கணக்கில் 30.4 சதவீதம்.

எனக்கு இதையெல்லாம் படிக்கும்போது ஆச்சி ஞாபகம்தான் வரும். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். ஆச்சியிடம் இருபது, இருபத்தைந்து கன்னி ஆடுகள் இருக்கும், கறுப்பு உடம்பில் முகத்தில் வெள்ளைக் கோடு போட்டவை. எந்த ஆடு சினை, எதற்கு மடி வீக்கம், எது குட்டியை ஒதுக்கும் என்று இருட்டில் தடவிச் சொல்வார். சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டிப் போவது மட்டும் தாத்தா. அங்கே விலை பேசுவது துண்டுக்கடியில். விற்பவரும் தரகரும் கையைத் துண்டுக்குள் விட்டு விரலைப் பிடித்து எண்ணிக்கை சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. அந்தத் துண்டுக்குள் பெண் எப்படிக் கையை விடுவாள்? ஆச்சி வளர்த்த ஆடு என்ன விலைக்குப் போனது என்பது தாத்தா சொன்னால்தான் ஆச்சிக்குத் தெரியும். பெரும்பாலும் சொன்னதில்லை. ஒன்டாரியோவில் துண்டு இல்லை, படிவம் இருந்தது.

என்னைக் குழுவில் சேர்த்தது பெண் என்பதற்காகவோ பழுப்பு நிறத்துக்காகவோ இல்லை. எக்செல் தெரியும் என்பதற்காக. அப்போது குழுவில் ஏழு பேர், ஐந்து ஆண்கள், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். பதிவையும் தேநீரையும் நீ பார்த்துக்கொள் என்றார்கள். தேநீரை அடுத்த வருடமே இயந்திரத்திடம் கொடுத்துவிட்டேன். பதிவை விடவில்லை. அதிகாரம் மேடையில் இருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது எக்செல் கோப்பின் தலைப்பு வரிசையில் இருக்கிறது.

2017-ல் ஒரு தோழி தொலைபேசியில் அழைத்தார். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவர், எனக்கு முதன்முதலில் ஊசி போடக் கற்றுக்கொடுத்தவர். பதினான்கு வருடம் முப்பத்தெட்டு அல்பாக்காக்களைப் பார்த்துக்கொண்டவர். மணமுறிவு நடந்துகொண்டிருந்தது. மந்தை என் பெயரில் இருக்கிறது, என்னுடையது, மொத்தமாக விற்கப்போகிறேன் என்று கணவர் சொல்லிவிட்டார். மந்தையை நடத்தியது இவர் என்று காட்ட ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று வழக்கறிஞர் கேட்டிருக்கிறார். “நம்ம கூட்டத்துப் பதிவு எல்லாம் உன்கிட்டத்தானே இருக்கு, கொஞ்சம் பார்” என்றார். பார்த்தேன். பதினோரு வருடக் கூடுகைகளின் பட்டியலிலும் அவர் இருந்தார். பதினோரு தடவையும் துணைவர் கோட்டில்.

இன்றைய சட்டம்தான் பாதி தருமே என்று நீங்கள் கேட்கலாம். தரும். மதிப்பில் பாதியை. பொருள் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமே இருக்கும். திருமண காலத்தில் சேர்ந்த மதிப்பைக் கணக்கிட்டுப் பணமாகச் சரிசெய்வார்கள். வீடு, ஓய்வூதியம் என்றால் அது பெரிய தொகை. அல்பாக்காவில் நடந்தது வேறு. இங்கே முதலில் வந்த காலத்தில் ஒரு பெட்டை பத்தாயிரக்கணக்கான டாலருக்கு விற்றது. கம்பளிக்காக அல்ல, அடுத்தவருக்கு விற்பதற்காக வாங்கினார்கள். அடுத்தவரும் அதற்காகவே வாங்கினார். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த இரண்டு பொருளியலாளர்கள் 2007-லேயே, ரோமத்தின் விலையை வைத்துப் பார்த்தால் இந்த விலைக்கு நியாயமே இல்லை, இது ஊதிய குமிழி என்று எழுதினார்கள். நம் ஊர் ஈமு கோழி ஞாபகம் வருகிறதா? குமிழி உடைந்தது. காயடித்த கிடா ஒன்றைச் சில நூறு டாலருக்குக்கூட வாங்க ஆளில்லாமல் போனது. ஆக, பதினான்கு வருட உழைப்பின் மதிப்பில் பாதி என்பது ஒன்றுமில்லாததில் பாதி. அவர் கேட்டது பணம் இல்லை, விலங்குகளை. ஒவ்வொன்றும் பிறந்தபோது கையில் வாங்கியவர் அவர். மந்தை மூன்று லாரிகளில் போனது.

அடுத்த ஆண்டு படிவத்தை மாற்றக் குழுவில் முன்மொழிந்தேன். ‘உரிமையாளர்’, ‘துணைவர்’ இரண்டு கோடும் போக, ஒரே கேள்வி: இந்த விலங்குகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? எத்தனை பேர் ஆனாலும் எழுதுங்கள். எழுதிய ஒவ்வொருவருக்கும் ஒரே கட்டணம், ஒரு வாக்கு. கட்டணத்தை 30, 60, 90 என்று மூன்று படியாக வைத்து, எதைக் கட்டுவது என்று அவரவரே முடிவு செய்யலாம், காரணம் கேட்கமாட்டோம்.

கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. வேலைக்காரரும் எழுதலாமா? எழுதலாம். பத்து வயதுப் பிள்ளை? வாக்கு பதினாறிலிருந்து, பெயர் எந்த வயதிலும். எல்லோரும் 30 டாலர் கட்டினால்? பார்ப்போம். இரண்டு பெண்கள் சேர்ந்து பண்ணை நடத்தினால் அது ஒரு குடும்பமா இரண்டா? ஒருபால் திருமணம் இந்நாட்டில் 2005-லேயே சட்டமாகிவிட்டது. 2018-ல் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் உண்மையிலேயே வருத்தப்பட்டுச் சொன்னார்: “அப்போ உரிமையாளர்னா என்னதான் அர்த்தம்?” அவரை நான் எதிரியாக நினைக்கவில்லை. அவர் மனைவிதான் பக்கத்தில் இருந்து, “அதான் நாங்களும் கேக்குறோம்” என்றார். நான்குக்கு மூன்று என்று தீர்மானம் நிறைவேறியது.

ஆண்டுதோறும் பட்டி அமைக்க அறுபது இரும்புத் தட்டிகளை இலவசமாகத் தந்துகொண்டிருந்த ஒரு பெரிய பண்ணை, இனி தரமுடியாது என்று இரண்டு வாரத்தில் கடிதம் அனுப்பியது. தட்டி இல்லாமல் பட்டி இல்லை, பட்டி இல்லாமல் விலங்கு இல்லை. வாடகைக்கு எடுக்கப் பணமும் இல்லை. பதிவு செய்தவர்களுக்கெல்லாம் ஒரு வரி அனுப்பினோம்: வரும்போது ஆளுக்கு நான்கு தட்டி கொண்டுவாருங்கள். எழுபத்திரண்டு வந்தன. ஒன்றோடொன்று சேராத உயரம், துரு, ஒரு பழைய கட்டில் சட்டம்கூட. அழகில்லைதான். இன்றுவரை அப்படித்தான் பட்டி கட்டுகிறோம்.

படிவம் மாறியதும் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்துவிட்டார்களா? இல்லை. பெயர் எழுதினார்கள், பணமும் கட்டினார்கள், ஆள் வரவில்லை. ஏன் என்று வீடு வீடாகத் தொலைபேசியில் கேட்டேன். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். ரெண்டு பேரும் கிளம்பிட்டா காலையில தண்ணி யார் வைப்பா? உலர்புல் யார் போடுவா? மேடை, கொள்கை, வாக்குரிமை எல்லாம் பேசிய நாங்கள் புழுக்கை அள்ளுவதில் வந்து நின்றோம். ஆக, மாற்றுக் கை என்று ஓர் ஏற்பாடு செய்தோம். சனிக்கிழமை மட்டும் வருபவர் ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பண்ணையைப் பார்த்துக்கொள்வார், ஞாயிறு வருபவர் சனி பார்ப்பார். இரண்டு நாளும் வர விரும்புபவர்கள் வீட்டுக்குப் பயிற்சி பெற்ற பதின்வயதுப் பிள்ளைகள் இருவர் இருவராகப் போவார்கள், நாளுக்கு 40 டாலர், கூடுகைக் கணக்கிலிருந்து. மொத்த வரவுசெலவில் இப்போது இதுதான் பெரிய செலவு. அதற்காக விருந்தினர் பேச்சாளரை நிறுத்திவிட்டோம். யாரும் அவரைத் தேடவில்லை.

இன்னொரு தடை ட்ரெய்லர். விலங்கோடு வர வேண்டுமென்றால் ட்ரெய்லர் ஓட்டத் தெரிய வேண்டும், குறிப்பாகப் பின்னோக்கி எடுக்க. ஸ்டீயரிங்கை ஒடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அது திரும்பும். பத்து ஆண்கள் வேடிக்கை பார்க்க அதைச் செய்ய யாருக்கு மனம் வரும்? பெண்களுக்கு மட்டும், மைதானத்தின் பின்பக்கம், வெள்ளிக்கிழமை மாலையில் வகுப்பு வைத்தோம். ஒரு ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர் நடத்துகிறார், அவரும் பெண்தான். எங்கள் நிகழ்ச்சிகளிலேயே கூட்டம் அதிகம் இதற்குத்தான். ட்ரெய்லர் ஓட்டத் தெரிந்த பெண் கூடுகைக்கு வருவாள். அவளால் தேவைப்படும் நாளில் தன் விலங்கை ஏற்றிக்கொண்டு கிளம்பவும் முடியும். இதை யாரும் வகுப்பில் வாய்விட்டுச் சொல்வதில்லை.

விலங்கு இல்லாமலும் வரலாம் என்பதையும் விதியாக்கினோம். 2024 மே மாதம் அமெரிக்காவின் ஐடஹோவில் அல்பாக்காக்களுக்குப் பறவைக் காய்ச்சல் கண்டபோது, விலங்குகளை ஒன்றாகக் கூட்டுவதே சரியா என்று எல்லோரும் யோசித்தோம். அந்த ஆண்டு கோழி வளர்ப்பவர்கள் விலங்கை வீட்டில் விட்டுவிட்டு ஆள் மட்டும் வந்தார்கள். முன்பு அப்படி வருபவரை வேடிக்கை பார்க்க வந்தவர் என்பார்கள்.

தரை, கழிப்பறை, பெயர் அட்டை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சரளைக் கல்லில் சக்கர நாற்காலி நகராது, மரப்பலகை பாதை போட்டோம். சக்கர நாற்காலியைக் கண்டால் லாமா மிரளும் என்றார்கள். ட்ராக்டருக்கு மிரளாத விலங்கு நாற்காலிக்கு ஏன் மிரளும்? தடை ஓட்டப் பாதையில் போன வருடம் மிகக் குறைந்த தவறுகளோடு முடித்தவர் நாற்காலியிலிருந்தே லாமாவின் பிடிகயிறைப் பிடித்துவந்த ஒரு பெண். காலை எட்டிலிருந்து ஒன்பது வரை ஒலிபெருக்கி கிடையாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகத் தொடங்கினோம், அல்பாக்காக்களும் அந்த ஒரு மணி நேரம்தான் நிம்மதியாக முனகிக்கொண்டு நிற்கின்றன. பெயர் அட்டையை அவரவரே எழுதிக்கொள்ளலாம். சின்னப் பிள்ளையாக எங்களிடம் வந்துகொண்டிருந்த ஒருவர் இப்போது திருநம்பி. முதல்முறை புதிய பெயரோடு வந்தபோது மேசைக்கு முன் தயங்கி நின்றார். அவருடைய பாட்டிதான், எண்பத்தொரு வயது, பேனாவைப் பிடுங்கி அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிச் சட்டையில் குத்திவிட்டார்.

கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியது பெருவிலிருந்து வந்த அம்மாவைப் பற்றி. ரோமம் கத்தரிக்கும் குழு ஒன்று மே மாதம் எங்கள் பண்ணைகளுக்கெல்லாம் வரும். அதில் ரோமத்தைத் தரம் பிரிப்பவர் அவர். பூனோ பகுதிக்காரர், கெச்சுவா பேசுபவர். விரலால் தொட்டு எது முதல் தரம் என்று சொல்லிவிடுவார். பழைய விதிப்படி அவர் உரிமையாளர் இல்லை, துணைவரும் இல்லை, வேலைக்கு வந்தவர். புதிய படிவத்தில் தன் பெயரை எழுதினார். ‘எத்தனை விலங்குகள்’ என்ற இடத்தில், எங்கள் எல்லோருடையதையும் கூட்டி, எண்ணூறு என்று போட்டிருந்தார். தவறென்று சொல்ல முடியுமா?

அவரைப் பேசச் சொன்னோம், மகள் மொழிபெயர்த்தார். அவர்கள் ஊரில் குழந்தைக்கு முதல் முடி எடுக்கும்போது உறவினர்கள் விலங்குகளைக் கொடுப்பார்களாம், பெண் குழந்தைக்கும்தான். அந்தப் பெட்டையும் அது ஈனும் குட்டிகளும் அவளுடையவை. கல்யாணம் ஆனாலும் அவளுடையவைதான். மந்தை ஒன்றாக மேயும், எது யாருடையது என்று காதில் கட்டிய வண்ண நூலும் ஆட்களின் நினைவும் சொல்லும். எனக்கு எங்கள் மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் சீரும் கண் முன்னால் வந்தன. எனக்கு என் மாமா போட்ட தோடு என் படிப்புச் செலவுக்கு அடகுக்குப் போனது. ஒரு பெட்டை ஆடு கொடுத்திருக்கலாம்.

பிறகு அவர் சார்க்கி பற்றிப் பேசினார். அல்பாக்கா, லாமாக் கறியை உப்பிட்டு வெயிலிலும் உறைபனியிலும் காய வைப்பது, நம் உப்புக்கண்டம் போல. ஆங்கிலத்தின் ‘ஜெர்க்கி’ என்ற சொல்லே கெச்சுவாவிலிருந்து வந்ததுதான். கூடத்தில் பாதிப் பேர் முகம் வெளுத்தது. இரண்டு பேர் எழுந்து போனார்கள். மறுநாள் கருத்துப் பெட்டியில் ஆறு சீட்டுகள்: இங்கே கறி பற்றிப் பேசக்கூடாதென்று விதி போடுங்கள், எங்களுக்கு இவை பிள்ளைகள் மாதிரி, இது எல்லோருக்கும் பாதுகாப்பான இடமாக இருக்க வேண்டும். எழுதியவர்களில் சிலர் எனக்கு நெருக்கமானவர்கள், படிவ விஷயத்தில் என்னோடு நின்றவர்கள். அந்த விதியைப் போட நான் ஒப்புக்கொள்ளவில்லை. 6000 வருடம் இந்த விலங்குகளை வளர்த்து, உண்டு, உடுத்தி, ஸ்பானியர்கள் வந்து மந்தைகளை அழித்த பிறகும் மிச்சத்தைக் காப்பாற்றி வைத்தவர்களின் மகள் அவர். அவர் வாயை மூடித்தான் எங்கள் மனம் புண்படாமல் இருக்க வேண்டுமென்றால் அது யாருக்கான இடம்? நானும் ஆடு வளர்த்த வீட்டில் ஆட்டுக்கறி தின்று வளர்ந்தவள். பெயர் வைத்த ஆட்டையும் தின்றிருக்கிறோம், அழுதுகொண்டே. இருவர் கூடுகையை விட்டு விலகினார்கள். அதில் ஒருவரோடு இப்போதும் பேச்சு இல்லை, அந்த வருத்தம் இருக்கிறது.

துணைவர்களுக்கான பேருந்து இப்போது இல்லை. பிரசவ வகுப்பு பெரிய கூடத்தில், எல்லோருக்கும். அதோடு சினை பார்க்கும் செய்முறையும் உண்டு: கிடாவைப் பெட்டையின் பக்கத்தில் கொண்டுபோனால், சினைப் பெட்டை காதைப் பின்னால் மடித்து, தலையைத் தூக்கி, வயிற்றிலிருந்து எடுத்துப் பச்சைப் பச்சையாகக் காறி அவன் முகத்தில் துப்பும். துப்பினால் சினை என்று எடுத்துக்கொள்ளலாம், பிறகு ஸ்கேனில் உறுதி செய்ய வேண்டும். முன்வரிசையில் உட்காருபவர்களுக்கு நாங்களே மழைக்கோட்டு கொடுக்கிறோம். அந்த ஐந்து நிமிடம் பெண்கள் சிரிக்கிற சிரிப்பு வாசல் வரை கேட்கும்.

அந்தத் தோழி 2022-ல் திரும்ப வந்தார். பெருந்தொற்றில் இரண்டு ஆண்டுகள் கூடுகை இல்லை, அதற்கு முன்னால் அவருக்கு வர மனமில்லை. லாரியில் போன மந்தையிலிருந்து மூன்று காயடித்த கிடாக்களை, வாங்கியவரிடமே பேசி, மூன்று பேர் மூலமாக மீட்டிருந்தார். பெட்டைகள் கிடைக்கவில்லை. ட்ரெய்லரைத் தானே பின்னோக்கி எடுத்து, ஆறாம் எண் பட்டிக்கு நேராக நிறுத்தினார். இந்த ஆண்டு ஊசி போடும் வகுப்பு அவருடையது. படிவம் ஏப்ரலில் அனுப்புகிறோம். தட்டிகள் நான்கு கேட்டிருக்கிறோம், முடிந்தவர்கள் ஐந்தாகக் கொண்டுவரலாம்.